செங்கோட்டைக்கு 'இன்'னா, 'அட்'டா?

சுவரில் பல்லி இருக்கிறது. அதே சுவரில் விரிசலும் இருக்கிறது. தமிழுக்கு இரண்டுமே 'சுவரில்'தான். ஆங்கிலத்தில் பல்லி 'ஆன் த வால்', விரிசல் 'இன் த வால்'. பல்லி சுவரைத் தொட்டுக்கொண்டு வெளியே நிற்கிறது. விரிசலோ சுவருக்குள்ளேயே ஓடுகிறது. கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இடம் சொல்லும்போது தடுக்கி விழுவது இங்கேதான். மலை தாண்டி கேரளத்து ஆரியங்காவுக்குப் போனாலும் இதே பாடுதான். மலையாளத்திலும் 'இல்' உண்டு, அது செய்யும் வேலையும் ஏறக்குறைய இதேதான்.

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இடம் காட்டும் ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது. இல், மேல், கீழ், உள் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் தேவைப்பட்டால்தான் 'மேல்', 'உள்' என்று பிரித்துச் சொல்கிறோம்; மற்ற நேரத்தில் 'இல்' போதும். ஆங்கிலம் அந்தச் சலுகையைத் தராது. இடத்தை ஒரு புள்ளியாகப் பார்த்தால் 'அட்'. தொடுகிற பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் 'ஆன்'. எல்லை சூழ்ந்ததாகப் பார்த்தால் 'இன்'.

'பெரிய ஊருக்கு இன், சின்ன ஊருக்கு அட்' என்று மனப்பாடம் செய்வது அரைகுறை விதி. ஊரின் அளவைவிட, பேசுகிறவர் அதைப் பார்க்கும் விதம்தான் முக்கியம். செங்கோட்டையில் குடியிருப்பவர் 'ஐ லிவ் இன் செங்கோட்டை' என்பார். கொல்லம் போகும் ரயிலோ 'ஸ்டாப்ஸ் அட் செங்கோட்டை'. தண்டவாளத்துக்கு அந்த ஊர் ஒரு புள்ளி. புளியரை 'ஆன் த பார்டர்', ஏனென்றால் எல்லை ஒரு கோடு. மேற்கே தள்ளியிருக்கும் புனலூர் 'டு த வெஸ்ட் ஆஃப் செங்கோட்டை'. செங்கோட்டை 'இன் த சவுத் ஆஃப் தமிழ்நாடு', அதாவது தமிழ்நாட்டுக்குள் அடங்கிய ஊர். 1956 நவம்பர் 1-க்கு முன் அது 'இன் திருவிதாங்கூர்-கொச்சி'. ஊர் நகரவில்லை, சூழ்ந்த எல்லைதான் மாறியது.

பிழைகளில் பல 'ஆன் என்றால் மேல்' என்று படிப்பதால் வருகின்றன. ஃபேன் தொங்குவது கூரைக்குக் கீழே, ஆனாலும் 'ஆன் த சீலிங்'. தொட்டுக்கொண்டிருக்கிறதா, அது தாங்குகிறதா என்பதுதான் கேள்வி. 'இன்'னும் அப்படியே. கூடையின் விளிம்புக்கு மேலே குவிந்து நிற்கும் மாங்காய் கூடையின் சுவருக்குள் இல்லை. ஆனாலும் 'இன் த பாஸ்கெட்', ஏனென்றால் கூடையைத் தூக்கினால் அதுவும் கூடவே வரும்.

சந்தேகம் வந்தால் தமிழிலேயே சோதித்துப் பாருங்கள். 'இல்'லை எடுத்துவிட்டு 'உள்ளே' போட்டால் பொருள் நிற்கிறதா? 'இன்'. 'ஒட்டி' என்றால் நிற்கிறதா? 'ஆன்'. இரண்டும் பொருந்தாமல், எந்த இடம் என்று மட்டும் காட்டினால் போதுமா? 'அட்'. பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர் 'அட் த பஸ் ஸ்டாண்ட்'.

வண்டிகளில் இந்தச் சோதனை பலிக்காது. பஸ்ஸுக்குள்ளேதான் உட்காருகிறோம், ஆனாலும் 'ஆன் த பஸ்'. காரும் ஆட்டோவும் 'இன்'. எழுந்து நடமாடத் தளம் இருக்கும் பஸ், ரயில், கப்பல் எல்லாம் 'ஆன்'. பைக்கும் 'ஆன்', அதன்மேல் ஏறி உட்காருவதால். ஓட்டம் நின்று ஷெட்டில் கிடக்கும் பஸ்ஸில் பிள்ளைகள் விளையாடினால் அது 'இன் த பஸ்' ஆகிவிடும். பயணம் நின்றுபோனதும் அது வெறும் கூடுதானே.

சில வினைகளுக்கு எதுவுமே வேண்டாம். 'அரைவ்டு' என்றால் ஊருக்கு 'இன்', ஸ்டேஷனுக்கு 'அட்' வேண்டும். ஆனால் 'ரீச்டு' என்றால் நேரே 'ரீச்டு செங்கோட்டை'. 'டு' சேர்த்தால் தப்பு. 'என்டர்டு த ரூம்' என்பதில் 'இன்டு' வராது. 'கோ ஹோம்' என்பதிலும் 'டு' இல்லை, நாம் 'வீட்டுக்கு' என்று 'கு' போட்டே பழகியிருந்தாலும்.