'அழைப்பு' அல்ல, 'ஈடு'

போக்கர் சீட்டாட்டக் காணொளிகளுக்குத் தமிழ் வசனவரி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே வாய்ப்பாட்டைப் படித்துவிட்டு வந்தவர்கள் போலிருக்கிறது. "அவர் பெரிதாக உயர்த்தினார். இவர் நெடுநேரம் யோசித்து அழைத்தார்." ஆங்கிலத்தில் வரும் 'கால்' (call) இப்படி 'அழைப்பு' ஆகிவிட்டது. யாரை அழைத்தார்? எதிராளி எதிரிலேயேதான் உட்கார்ந்திருக்கிறார். சுமாரான கையை வைத்துக்கொண்டே துணிந்து நிற்கும் 'ஹீரோ கால்' இவர்களிடம் 'நாயக அழைப்பு' வேறு. நாளுக்கு நாள் மோசடி அழைப்பு பற்றி எச்சரிக்கை வரும் சிங்கப்பூரில், "பெரிய அழைப்பு, எடுப்பதா வேண்டாமா?" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் காவல்துறை அறிவிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

எதிராளி வைத்த தொகைக்குச் சமமாக நாமும் வைத்து ஆட்டத்தில் நிற்பதுதான் 'கால்'. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஆட்டம் அமெரிக்காவில் பரவிய காலத்தில், 'சீட்டைக் காட்டு' என்று கேட்பதைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னார்கள். சமமாகப் பணம் வைத்தவனுக்கே கேட்கும் உரிமை. பிறகு பணம் வைப்பதற்கே அது பெயராகிவிட்டது. இன்று கடைசிச் சுற்றுக்கு முன் 'கால்' செய்தால் பொதுவாக யாரும் சீட்டைக் காட்டுவதில்லை, அடுத்த சீட்டு விழும், அவ்வளவுதான். ஆக, பழைய பொருளுக்கும் 'அழைப்பு' பொருந்தாது, புதிய பொருளுக்கும் பொருந்தாது.

"சண்டைக்கு அழைக்கிறான் என்று வைத்துக்கொள்ளலாமே" என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது. அறைகூவல் விடுவது தொகையை ஏற்றியவன். அதற்கு அசையாமல் நிற்பவனைப் போய் 'அழைத்தவன்' என்றால், ஆட்டம் தெரியாத வாசகர் யார் தாக்கினார், யார் தாங்கினார் என்பதையே மாற்றிப் புரிந்துகொள்வார்.

ஒரு கை ஆட்டத்தைப் பார்ப்போம். கடைசிச் சுற்று. நடுவில் சேர்ந்திருக்கும் பந்தயப் பணம் 40 வெள்ளி. உங்களிடம் ராஜா ஜோடி. நல்ல கைதான், ஆனால் வெல்ல முடியாத கை இல்லை. 20 வெள்ளி வைக்கிறீர்கள். எதிராளி, எதைப் பிடித்தாலும் அடித்து ஆடும் ரகம், 100 ஆக ஏற்றுகிறார். நீங்கள் இன்னும் 80 போட்டால் நடுவில் இருக்கும் 160க்குப் போட்டியிடலாம். மொத்தம் 240, அதில் உங்கள் 80 மூன்றில் ஒரு பங்கு. மூன்று முறைக்கு ஒரு முறை அவர் சும்மா ஏற்றியிருந்தாலே உங்களுக்கு நட்டமில்லை. வருடம் முழுக்க வாய் திறக்காத ஆள் இப்படி ஏற்றினால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிவிடலாம். இவர் அப்படி இல்லையே! திருப்பி ஏற்றுவதும் வீண்: வெறுங்கையோடு இருந்தால் ஓடிவிடுவார், உங்களைவிடப் பெரிய கை இருந்தால் மட்டும் நிற்பார். சமமாக வைத்துவிட்டு நிற்பதே மேல். இந்த நிற்றலை 'அழைத்தல்' எப்படிச் சொல்லும்?

(நடுவில் இருப்பதில் பாதியை எதிராளி வைத்தால், நான்கில் ஒரு முறை வென்றால் போதும். 'கால்' பண்ணக் கால் பங்கு. இந்த ஒரு பொருத்தத்துக்காகவே ஆங்கிலச் சொல்லை விட்டுவைக்கலாம் போலத் தோன்றும்.)

இன்னொரு கட்சி 'ஏற்றல்' என்கிறது. ஒப்புக்கொள்ளுதல் என்ற பொருளில் சொல்கிறார்களாம். நல்ல தமிழ்தான், ஆனால் இந்த மேசைக்கு ஆகாது. தொகையைக் கூட்டுவதும் 'ஏற்றல்'தானே? "அவர் ஏற்றலுக்கு இவர் ஏற்றல்" என்று எழுதினால் இவர் சமமாக வைத்தாரா, மேலே போனாரா? நேர் எதிரான இரண்டு முடிவுகளுக்கு ஒரே சொல் இருந்தால், தூய்மை இருந்து என்ன பயன்? 'சமன் செய்தல்' என்பாரும் உண்டு. இருவர் கையும் ஒன்றாக அமைந்து பணத்தைப் பங்கு போடும்போது அந்தச் சொல் வேண்டும். அதற்கே இருக்கட்டும்.

என் ஓட்டு 'ஈடு கொடுத்தல்' என்பதற்கு. கெடு கேடாவது போல, படு பாடாவது போல, 'இடு' நீண்டு 'ஈடு' ஆனது. இடுவது, அதாவது வைப்பது, சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ஈடு இணை என்னும்போது சமம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்த கிட்டங்கிகளில் கடன் வாங்கப் போனவர்களுக்கு ஈடு என்றால் அடமானம். ஒருவன் வேகத்துக்கு 'ஈடு கொடுக்கிறான்' என்றால் தாக்குப் பிடிக்கிறான். பணம் வைப்பது, சமமாக வைப்பது, தாக்குப் பிடிப்பது, மூன்றும் ஒரு சொல்லில் கிடைக்கும்போது அழைப்பு எதற்கு? சூதுக்குத் தமிழில் சொற்பஞ்சமும் இல்லை. திருக்குறளின் 94ஆம் அதிகாரமே சூது. அங்கே 'கழகம்' என்பது சூதாடும் இடம். பல்கலைக்கழகத்தார் கோபிக்க வேண்டாம்.

வீட்டில் குடும்பத்தாரும் நண்பர்களும் நேரில் கூடி ஆடுவதை 2022இல் நடப்புக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. தீபாவளி இரவில் "மச்சான், கால் பண்றியா இல்லையா?" என்று கேட்பவரைத் திருத்த நான் வரவில்லை. பேச்சு பேச்சாகவே இருக்கட்டும். எழுத உட்கார்ந்த பிறகு அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதுதான் எரிச்சல். 'செக், கால், ஃபோல்டு' மூன்றையும் 'சோதித்தார், அழைத்தார், மடித்தார்' என்று எழுதுகிறவர் சீட்டாடுகிறாரா, துணி மடிக்கிறாரா?

அந்த வசனவரிகளில் வரும் 'ஆக்ரோஷமான ஆட்டக்காரர்' அடுத்த கொடுமை. ஆக்ரோஷம் என்றால் ஆத்திரம், கத்தல். போக்கரில் துணிந்து ஏற்றுபவர் பெரும்பாலும் முகத்தில் எந்தச் சலனமும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். கிரிக்கெட்காரர்கள் எப்போதோ 'அடித்து ஆடுபவர்' என்று சொல்லிவிட்டார்கள். 'பிளஃப்'புக்கு மட்டும் எந்தப் புலவரிடமும் போக வேண்டாம், 'உதார்' போதும். அது தூய தமிழா என்று கேட்டால், நான் சீட்டைக் கவிழ்த்துவிடுகிறேன்.