விலை குறைந்த லேப்டாப்பா, திரை திரும்பும் கன்வெர்ட்டிபிளா? ஒரு சர்வீஸ் மேசையிலிருந்து சில குறிப்புகள்

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த சில நாட்களிலேயே, திருப்பூரில் உள்ள என் சர்வீஸ் கடைக்குப் பழுதான கணினிகளோடு கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். கைப்பேசியில் இரண்டு படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். ஒன்று, முப்பதாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், எடை குறைந்த சாதாரண மடிக்கணினி. மற்றொன்று, எழுபதாயிரத்தைத் தாண்டும், திரையை முழுவதுமாகப் பின்னால் திருப்பிச் சிலேட்டைப் போலக் கையில் ஏந்தக்கூடிய கன்வெர்ட்டிபிள். "இது ரெண்டுல எதுங்க நல்லது?" என்று கேட்பார்கள். பதினேழு ஆண்டுகளாக இவற்றைத் திறந்து மூடும் வேலையில் இருந்தும் அதற்கு ஒற்றைச் சொல்லில் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை. கடையில் காட்டப்படும் வேகமும் அழகும் வாங்கும் நாளின் செய்திகள், என் மேசைக்கு வந்து சேர்பவையோ மூன்றாம் ஆண்டின் செய்திகள்.

விலை குறைந்த கணினியிலிருந்து தொடங்குகிறேன். அதன் மீது எனக்கு எந்த இளக்காரமும் கிடையாது. இன்டெல்லின் என்100 போன்ற, 6 வாட் மின்சாரத்தைக் கணக்கில் வைத்து வடிவமைக்கப்பட்ட நான்கு கோர் (கணக்கிடும் உட்பகுதி) சிப், டேலியில் கணக்கு எழுதவும், கல்லூரிக் குறிப்புகளைத் தட்டச்சு செய்யவும், இணைய வகுப்புகளைப் பார்க்கவும் தாராளமாகப் போதும். சிக்கல் பெரும்பாலும் சிப்பில் இல்லை. அதைச் சுற்றி எதைக் குறைத்து விலையை இறக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. 4 ஜிபி ரேமும் இஎம்எம்சி எனப்படும் மலிவான, மெதுவான வகையில் 64 ஜிபி சேமிப்பும் கொண்ட கணினி, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் விதித்திருக்கும் குறைந்தபட்சத் தகுதியைச் சரியாகத் தொட்டு நிற்கிறது. வாசற்படியில் நிற்கிறதே தவிர உள்ளே நடமாட அதற்கு இடமில்லை. ரேமில் பாதிக்கு மேல் விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்ததும் கணினி திணறும். ஓராண்டு கழித்துப் புதிய அப்டேட் இறங்க இடமில்லாமல் பாதியில் நின்றுபோன கணினிகள் எனக்கு வாரந்தவறாமல் வருகின்றன. அவற்றுக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு, ஏனென்றால் அந்த ரேமும் சேமிப்பும் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்.

இதைச் சொல்லும்போது, தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பழைய கணினிகள் நினைவுக்கு வருகின்றன. கனமானவை, மெதுவானவை. ஆனால் அடிமூடியைக் கழற்றினால் ஹார்டு டிஸ்க்கும் ரேமும் கையோடு வந்துவிடும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான ஒரு எஸ்எஸ்டி-யும் கூடுதல் ரேமும் போட்டுக்கொண்டு, அக்கா படித்து முடித்த கணினியில் தம்பி படித்த வீடுகள் எங்கள் பகுதியில் ஏராளம். இன்றைய மெல்லிய கணினிகளில் அந்த வழி அடைபட்டுவிட்டதால், வாங்கும் நாளில் தவறவிட்டதைப் பிறகு ஈடுசெய்ய முடிவதில்லை. எனவே குறைந்த விலைப் பிரிவில் வாங்குபவரிடம் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: ரேம் 8 ஜிபி-க்குக் குறையக் கூடாது, சேமிப்பு கழற்றி மாற்றக்கூடிய எஸ்எஸ்டி-யாக இருக்க வேண்டும், ரேமுக்கு ஒரு காலி இடம் இருந்தால் அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

சிப்பின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் கோர் ஐ3 என்று இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது. ஐ3-என்305 என்பதில் எட்டுக் கோர்களும் மின்சிக்கனத்துக்கான சிறிய கோர்கள். ஐ3-1215யு என்பதில் வேகத்துக்கான இரண்டு பெரிய கோர்களும் நான்கு சிறிய கோர்களும் உண்டு. ஏஎம்டி-யின் ரைசன் 5 7520யு என்பதைப் பார்த்து 7000 வரிசை, புத்தம் புதியது என்று நினைப்பவர்கள் அதன் மூன்றாவது இலக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்த 2, ஜென் 2 எனப்படும், 2019-இல் அறிமுகமான கட்டமைப்பைக் குறிக்கிறது. 7530யு என்றால் ஜென் 3. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு விளம்பரத்தில் ஓர் இலக்கம்தான். வேலையில் நான்கு கோருக்கும் ஆறு கோருக்கும் உள்ள வேறுபாடு.

இனி கன்வெர்ட்டிபிள். லெனோவோ 2012-இல் யோகா வரிசையைக் கொண்டுவந்த பிறகு 360 பாகை திரும்பும் திரை பரவலாயிற்று. இன்று ஏறக்குறைய எல்லா நிறுவனங்களிடமும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது. அந்தத் திருப்பம் முழுவதையும் தாங்குவது இரண்டு சிறிய கீல்கள். பெரும்பாலான மாடல்களில் அந்தக் கீல்கள், பிளாஸ்டிக்கில் சூடாக்கிப் பதிக்கப்பட்ட கடுகளவு பித்தளைக் குழாய்களில் நுண்திருகுகளால் பொருத்தப்பட்டிருக்கும். நாளாக ஆகக் கீலின் உள்ளேயிருக்கும் கிரீஸ் இறுகும், திறக்க அதிக விசை தேவைப்படும், அந்த விசை முழுவதும் பிளாஸ்டிக்கின் மேல் இறங்கி ஒருநாள் பித்தளைக் குழாயைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். சாதாரண மடிக்கணினிக்கும் இது நேர்வதுதான். ஆனால் அதில் உடைந்த மூடியை மட்டும் மாற்றலாம், திரை உடைந்தால் திரையை மட்டும் மாற்றலாம். என் கடையில் அது நாலாயிரம், ஐயாயிரத்தோடு முடிந்துவிடும். கன்வெர்ட்டிபிளில் கண்ணாடி, தொடுபடலம், திரை மூன்றும் ஒன்றாக ஒட்டப்பட்டிருப்பதால் கண்ணாடியில் விழும் ஒரு கீறல் விரிசலுக்குக்கூட மொத்தத் தொகுப்பையும் வரவழைக்க வேண்டியிருக்கும், அதற்குப் பல மாடல்களில் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. கீல் முறிவைத் தயாரிப்புக் குறை என்று ஏற்காமல் கையாண்ட விதத்தின் குறை என்று வாரண்டி மையம் திருப்பி அனுப்பிய கணினிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே கன்வெர்ட்டிபிள் வாங்குபவர்கள், கீழே விழுந்து உடைவதற்கான தனிப் பாதுகாப்புத் திட்டத்தையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். திரையை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காமல் நடுவில் பிடித்துத் திறக்க வேண்டும். கிரீச் என்ற ஒலியோ, மூடியின் கீழ்விளிம்பில் ஒரு சிறு பிளவோ தெரிந்த அன்றே கொண்டுவந்தால் சில நூறு ரூபாயில் காப்பாற்றிவிடலாம்.

கீலுக்கும் கண்ணாடிக்கும் இவ்வளவு கொடுப்பது எதற்காக என்று கேட்டால், நியாயமான விடை பேனா ஒன்றுதான். கட்டடக்கலை, வரைகலை படிப்பவர்களும், சமன்பாடுகளைக் கையால் எழுதியாக வேண்டிய மாணவர்களும், இணையத்தில் கணக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் அதன் பயனை முழுமையாகப் பெறுகிறார்கள். ஆனால் தொடுதிரை உள்ள எல்லாக் கணினியும் பேனாவை ஏற்காது. விரலை மட்டும் உணரும் திரையில் ரப்பர் நுனிப் பேனாவால் எழுதினால் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கோடு விழும். அழுத்தத்தை உணரும் பேனாக்களிலும் மைக்ரோசாஃப்டின் எம்பிபி, வேக்கமின் ஏஇஎஸ், யுஎஸ்ஐ என்று தனித்தனி நெறிமுறைகள் உண்டு. ஒன்றுக்கு மட்டுமான பேனா மற்றதில் எழுதாது. பேனா பெட்டியிலேயே வருகிறதா, வராவிட்டால் எந்த வகை வாங்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எழுபதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, பிறகு மூவாயிரம் ரூபாய்ப் பேனாவை இரண்டுமுறை வாங்கியவர் ஒருவர் எனக்கு வாடிக்கையாளர்.

எடையையும் கைக்கு எடுத்துப் பார்க்க வேண்டும். பல 14 அங்குலக் கன்வெர்ட்டிபிள்கள் ஒன்றரைக் கிலோவை ஒட்டியிருக்கும். மேசைமேல் வைத்து எழுத அது தடையில்லை. ஒரு கையில் ஏந்தி நின்றுகொண்டு படிக்க முயன்றால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். 11 அங்குல டேப்லெட் அரைக் கிலோ அளவில்தான் இருக்கிறது. குறிப்பெடுக்க மட்டுமே பேனா வேண்டும் என்பவர்களிடம், நல்ல சாதாரண மடிக்கணினியும் தனியே ஒரு டேப்லெட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டும் சேர்ந்தே கன்வெர்ட்டிபிளின் விலைக்குள் அடங்கிவிடுவதுண்டு. ஒன்று பழுதாகும்போது மற்றொன்றில் வேலை தொடரும்.

வலிமை, அதாவது வேலைத்திறன், என்ற சொல்லிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. முப்பதாயிரம் ரூபாய்க் கணினியோடு ஒப்பிடும்போது கன்வெர்ட்டிபிள் வலிமையானதுதான். அதே எழுபதாயிரத்துக்குக் கிடைக்கும் திரை திரும்பாத மடிக்கணினியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் அது பின்தங்கிவிடும். பணத்தின் ஒரு பகுதி கீலுக்கும் தொடுதிரைக்கும் போய்விடுகிறது. இந்த விலையில் வரும் கன்வெர்ட்டிபிள்கள் பலவற்றில் தனி கிராஃபிக்ஸ் சிப் இருப்பதில்லை. மெல்லிய உடலுக்குள் வெப்பம் வெளியேற இடம் குறைவு என்பதால், நீண்ட நேர வீடியோ எடிட்டிங்கில் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பொறியியல் மாணவருக்கு முப்பரிமாண வரைபட மென்பொருள் வேண்டுமென்றால் நான் கன்வெர்ட்டிபிளைப் பரிந்துரைப்பதில்லை. ரேமைப் பொறுத்தவரை கன்வெர்ட்டிபிளிலும் பெரும்பாலும் பற்றவைப்புதான். அதிக விலை கொடுப்பதால் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று எண்ணாமல் 16 ஜிபி உள்ளதையே எடுக்க வேண்டும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு செய்தியும் உண்டு. பனியன் கம்பெனிகளின் காற்றில் எப்போதும் பஞ்சு பறக்கிறது. விசிறி உள்ள கணினிகள் அதை உள்ளிழுத்து, செம்புக் குழாயின் முனையிலிருக்கும் வெப்பத் தகடுகளுக்கு முன்னால் ஒரு கம்பளித் துண்டைப் போலத் திரட்டி வைத்துவிடுகின்றன. அந்தத் துண்டை இடுக்கியால் முழுதாக உரித்தெடுக்கும்போது உரிமையாளர்கள் நம்ப மறுப்பார்கள். உற்பத்திக் கூடத்திலேயே நாள் முழுவதும் இருக்க வேண்டிய கணினிக்கு, விசிறியே இல்லாத விலை குறைந்த மாடல்தான் என் முதல் தேர்வு. அங்கே அதன் வலிமைக் குறைவே அதைக் காப்பாற்றுகிறது. மாறாக, துணியின் சாயத்தைத் திரையில் பார்த்து முடிவெடுக்கும் மெர்ச்சண்டைசர்களுக்கு விலை குறைந்த கணினியை நான் கூடாது என்பேன். காட்டக்கூடிய நிறங்களின் அளவு 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று குறிப்பிடப்படும் மலிவான திரையில் சிவப்பு வெளிறித் தெரியும். அதை நம்பி லேப் டிப்பை (ஒப்புதலுக்காகச் சாயமிட்டு அனுப்பப்படும் துணி மாதிரியை) திருப்பி அனுப்பிவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் உண்டு. நிறங்களுக்கான மற்றோர் அளவுகோலான எஸ்ஆர்ஜிபி 100 சதவீதம் என்ற குறிப்புள்ள திரை கன்வெர்ட்டிபிள்களில் ஓரளவு எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் சாதாரண மாடல்களிலும் தேடினால் கிடைக்கும்.

பேட்டரிக்கு "பத்து மணி நேரம்" என்ற வாசகத்தை விட்டுவிட்டு, அது எவ்வளவு மின்சாரத்தைச் சேமிக்கும் என்று காட்டும் வாட்-ஹவர் எண்ணைப் பாருங்கள். 38-க்கும் 60-க்கும் உள்ள இடைவெளியை எந்த விளம்பரமும் மறைக்க முடியாது.

இந்த ஆண்டு அப்படி வந்த ஒரு தந்தையிடமும் மகளிடமும் நான் முதலில் கேட்டது, அவள் என்ன படிக்கப்போகிறாள், நோட்டில் எழுதுவாளா தட்டச்சு செய்வாளா என்பதுதான். பி.காம்., டேலி வகுப்புக்கும் போகப்போகிறாள், படம் வரையும் பழக்கம் இல்லை. கன்வெர்ட்டிபிள் பார்க்க அழகாக இருக்கிறது என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. அதை அவளே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டாள். தந்தை காட்டிய முப்பதாயிரம் ரூபாய்க் கணினியில் 4 ஜிபி ரேம், கூட்ட வழியில்லை. இரண்டையும் விட்டுவிட்டு, நாற்பதாயிரத்தை ஒட்டிய விலையில் 8 ஜிபி ரேமும், ஒரு காலி ரேம் இடமும், 512 ஜிபி எஸ்எஸ்டி-யும் உள்ள சாதாரண மாடல் ஒன்றின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிய கையோடு கொண்டுவந்து காட்டினார்கள். காலி இடம் உண்மையிலேயே இருக்கிறதா என்று அடிமூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அந்த இடத்தைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.