கூறைச்சேலையை உப்புத் தண்ணீரில் போடாதீர்கள்

போன கிழமை பொகவந்தலாவையிலிருந்து ஒரு பிள்ளை பஸ் ஏறி அட்டனுக்கு என்னைத் தேடி வந்தாள். கையிலிருந்த சொப்பிங் பேக்கில் ஈரம் காயாத கூறைச்சேலை. அம்மாயி கட்டியது, அம்மா கட்டியது, வருகிற மாதம் தானும் கட்ட வேண்டும் என்று ஆசை. பெட்டி வாசம் போகட்டும் என்று இரவு முழுக்க உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறாள். "உப்புப் போட்டா சாயம் போகாதுன்னு எல்லாரும் சொன்னாங்க அக்கா." கரையின் அரக்குச் சிவப்பு கரைந்து, சந்தன நிற உடம்பெல்லாம் திட்டுத் திட்டாக ஏறிக் கிடந்தது. பழைய துணிகளைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது சேலை இது, என்னால் காப்பாற்ற முடியாத மூன்றாவதும் இதுதான்.

யார் கிளப்பிவிட்ட கதையோ தெரியவில்லை, உப்பு சாயத்தைத் துணியில் நிறுத்தாது. நிறுத்தவே நிறுத்தாது.

அப்படியானால் சாயம் எதனால் நிற்கிறது? அந்தக் காலத்து வேலையைப் பாருங்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மணல் தரையில் தோண்டியெடுத்த, சிவப்புச் சாயம் தரும் சாயவேர், ஒல்லாந்தர் தங்கள் பிடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு விலைபோன பொருள். அந்தச் சிவப்பு பருத்தியில் நின்றது எதனால்? முதலில் துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்தார்கள். அப்புறம் படிகாரம். அதற்குப் பிறகுதான் வேரோடு கொதிக்கவைத்தார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரத்தோடு ஒட்டிக் கிடைத்த 4,000 ஆண்டுக்கும் மேல் பழைய பருத்தித் துண்டில்கூட மஞ்சிட்டி என்ற செடியின் வேர் வகைச் சிவப்பு இருந்தது. அவுரி நீலத்துக்குப் படிகாரமும் வேண்டாம். தொட்டியிலிருந்து தூக்கியதும் காற்றுப் பட்டு நூலுக்குள்ளேயே கரையாத பொருளாகிவிடும். (கண்டிக்குப் பக்கத்துத் தும்பறையில் பாய் நெய்கிறவர்கள் பதிமுகக் கட்டையைக் கொதிக்கவைத்து நாருக்குச் சிவப்பேற்றுவதை ஒருமுறை போய்ப் பாருங்கள். அவ்வளவு பொறுமை வேண்டும்.)

இந்த வேலை எதிலும் சாயத்தைப் பிடித்து வைத்தது உப்பு இல்லை.

பிறகு 1856இல் பெர்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஊதாச் சாயத்தை ஆய்வுக்கூடத்தில் செய்தார். 1868இல் மஞ்சிட்டியின் சிவப்பும், 1897இல் அவுரியின் நீலமும் ஆலைச் சரக்காக வழி பிறந்தது. உப்பு வருவது இங்கேதான். பருத்திக்குச் சாயமேற்றும் தொட்டியில், தண்ணீரில் கிடக்கும் சாயம் நூலுக்குள் நுழைய உப்பு தள்ளிவிடுகிறது. அத்தோடு அதன் வேலை முடிந்தது. பட்டுக்கு வேண்டியது புளிப்பும் சூடும். வீட்டு வாளியில் நுழையக் காத்திருக்கும் சாயம் எங்கே இருக்கிறது? சில பருத்திச் சாயங்கள் உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை கொஞ்சம் குறைவாகக் கழலும், அதைப் பார்த்துத்தான் இந்த நம்பிக்கை வந்திருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் அலசினால் பழையபடி ஓடும்.

நம் மலைநாட்டில் உப்பால் இன்னொரு கேடும் உண்டு. சரியாக அலசாமல் நூலில் தங்கிய உப்பு மூடுபனியின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூஞ்சணம் அங்கேதான் பிடிக்கும். சரிகையிலுள்ள வெள்ளியும் செம்பும் கறுத்துப்போகும்.

எனவே தயவுசெய்து கேளுங்கள். நனைப்பதற்கு முன் வெள்ளைப் பஞ்சை ஈரமாக்கி, உள்பக்க ஓரத்தில் ஒவ்வொரு நிறத்தின் மீதும் சில நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்தச் சேலைக்குத் தண்ணீரே கூடாது. பட்டுக்குச் சலவைத் தூள் வேண்டாம். பொலித்தீன் பையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள். சுற்றி வைக்க, துவைத்துக் கஞ்சி போன பழைய வெள்ளை வேட்டி போதும். பூச்சி உருண்டை சரிகையில் படக்கூடாது. தை, மாசியில் காய்ந்த காற்று வரும்போது நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் இருபது வருடம் கிடந்த சரிகை, விரித்ததும் முறிகிறது.

கம்பளியை மெஷினில் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. துரைமார் காலத்தில் தோட்டத்தில் கொடுத்துவிட்டு, பேரில் பற்று எழுதிச் சம்பளத்தில் பிடித்தார்களே, அந்தக் கம்பளிகள் இன்னும் சில லயங்களில் இருக்கின்றன. கொழுந்து மலையில் மழைக்குப் போர்த்திய கம்பளி அது. சுடுதண்ணீரில் சுழற்றினால் இழைச் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சுருங்கிவிடும், மறுபடி விரியாது.

சந்தேகமென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். அழுக்கோடு, கறையோடு, பெட்டி வாசத்தோடு அப்படியே கொண்டு வாருங்கள். அழுக்கை எடுத்துவிடலாம். ஓடிய சிவப்பைத் திருப்பிக் கூட்டிவர எனக்கு வழி தெரியாது என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லித்தான் அனுப்பினேன்.