பூச்சியுண்ணல்: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் ‘என்டோமோபேஜி’ என வழங்கும் சொல், பூச்சிகளை உணவாகக் கொள்ளும் வழக்கத்தைக் குறிக்கும். ‘எந்தோமோன்’, ‘ஃபாகெயின்’ என்னும் இரு கிரேக்கச் சொற்கள் இதற்கு மூலம். பின்னது உண்ணுதலைக் குறிக்க, முன்னது ‘வெட்டுண்டது’ எனப் பொருள்படும். உடல் இடையிடையே வெட்டுப்பட்டதுபோல் தோன்றுவதால் அரிஸ்டாட்டில் இவ்வுயிர்களை அப்பெயரால் வகைப்படுத்தினார். இலத்தீன் மொழியினர் அதே பொருளில் ‘இன்செக்தும்’ என்றனர். வகைப்படுத்தியதோடு நில்லாமல், சிள்வண்டு தன் கடைசித் தோலை உரிப்பதற்கு முன் உண்ண மிகச் சுவையானது என்றும் அரிஸ்டாட்டிலே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே, இவ்வழக்கம் காட்டுவாசிகளுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம்.

இதைத் தமிழில் ‘பூச்சியுணவு’ என எழுதினால் குழப்பம் வரும். பூச்சி உண்ணும் உணவா, பூச்சியே உணவா என்பது அத்தொகையிலிருந்து விளங்காது. ‘பூச்சியுண்ணி’ என்பது ஏற்கெனவே பூச்சிகளை இரையாக்கும் விலங்குகளுக்கும் செடிகளுக்கும் வழங்கும் பெயர். வழக்கத்தைச் சுட்டுவதற்குப் ‘பூச்சியுண்ணல்’ என்பதும், பொருளைச் சுட்டுவதற்கு ‘உண்ணத்தகு பூச்சி’ என்பதும் பொருத்தமானவை.

ஆனால், இலக்கணம் ஏற்கும் சொல்லை மனம் ஏற்பதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்து உத்தான் மெலிந்தாங் போன்றதொரு தோட்டப்புற ஊரின் ஒட்டுக்கடையில் ‘பூச்சியுண்ணல்’ என்று சொல்லிப் பார்த்தால், பெரியவர்கள் முகம் சுளிப்பதைத்தான் காண முடியும். அதற்குக் காரணம் அவர்களுடைய பிடிவாதமன்று. ‘பூச்சி’ என்னும் சொல் அவர்கள் வாழ்க்கையில் எங்கெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே. பயிருக்கு அடிப்பது பூச்சிமருந்து. பிள்ளையின் வயிற்றில் இருப்பதும் பூச்சி. தென்னையின் குருத்தையும் செம்பனையின் குருத்தையும் துளைத்துத் தின்னும் காண்டாமிருக வண்டைப் பொறி வைத்துப் பிடித்து அழிப்பது தோட்ட வேலைகளுள் ஒன்று. ‘புழு’வின் நிலை இன்னும் மோசம்: புழுத்த அரிசி, புழுத்துப் போன மீன் என, உணவு கெட்டதைச் சொல்லவே அச்சொல் பயன்படுகிறது. கெட்டுப்போன உணவுக்கு உரிய சொல்லையே நல்ல உணவுக்குப் பெயராக வைத்து ஒருவரை உண்ண அழைப்பது, அழைப்பவரின் அறியாமையையே காட்டும்.

இதற்கு நேர்மாறானது ஈசல். மழைக்குப் பின் விளக்கைச் சுற்றி வந்து விழும் ஈசலைப் பிடித்து, இறகு போக்கி, வறுத்து, பொரியோடு கலந்து தின்னும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் உண்டு. அது பழையதும்கூட. பாரியின் பறம்பு நாட்டு வளத்தை நினைந்து கபிலர் பாடிய புறநானூற்று 119ஆம் பாட்டில், செம்புற்றிலிருந்து வெளிப்படும் ஈயலை மோரோடு சேர்த்தாக்கிய புளிங்கறி இடம்பெறுகிறது. அகநானூற்று 394ஆம் பாட்டு ‘ஈயல் பெய்து அட்ட இன்புளி வெஞ்சோறு’ என்று வரகரிசிச் சோற்றையே விருந்தாகக் காட்டுகிறது. ஈயலே இன்றைய ஈசல். பஞ்சத்துக்குத் தின்ற உணவாக இதைச் சொல்பவர்கள் அப்பாட்டுகளை ஒருமுறை படிக்கலாம். இரண்டிலும் பேசப்படுவது மழைக்காலத்துச் செழிப்பு. கருதத்தக்கது என்னவென்றால், ஈசல் தின்றவர் எவரும் தாம் ‘பூச்சி’ தின்றதாகச் சொன்னதில்லை. தின்றது ஈசல், அவ்வளவே.

மலேசியாவிலும் இதுவே நிலை. சபாவின் கடசான் டூசுன் மக்கள் சாகோப் பனையின் தண்டில் வளரும் கூன்வண்டுப் புழுவை ‘பூத்தோட்’ என்றே அழைத்து, பச்சையாகவும் வறுத்தும் உண்கிறார்கள். பனையினத்தைத் துளைக்கும் அக்கூன்வண்டுகள் தென்னந்தோப்புக்காரருக்குப் பகை. சாகோ வெட்டுபவருக்கோ அவற்றின் புழு விருந்து. உண்பவர்களிடம் உணவுக்குத் தனிப்பெயர் இருக்கிறது. ‘பூச்சியுண்ணல்’ என்னும் பொதுப்பெயர் வெளியிலிருந்து பார்ப்பவர் சூட்டியது. கடல் உணவு உண்பவரை நாம் ‘கணுக்காலி உண்பவர்’ என்பதில்லை. இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலிகள்தாம் என்றாலும், இறால் விழுதான பெலாச்சான் சேர்த்த சம்பலைத் தொட்டுக்கொள்ளும்போது அந்த எண்ணம் எழுவதில்லை.

தமிழ்ப் பூச்சிப் பெயர்களில் ஒரு வேடிக்கையும் உண்டு. ‘சுவர்க்கோழி’யில் கோழி இருக்கிறது, ‘வெட்டுக்கிளி’யில் கிளி இருக்கிறது. இன்று உலகச் சந்தையில் மிகுதியாக முன்வைக்கப்படும் உண்ணத்தகு பூச்சிகளுள் இவ்விரண்டும் அடங்கும். ‘பூச்சி மாவு’ என்பதைவிடச் ‘சுவர்க்கோழி மாவு’ என்பது காதுக்குக் கொஞ்சம் இதமாக இல்லையா?

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, 1,900க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உண்ணப்படுவதாகவும், ஏறத்தாழ 200 கோடி மக்களின் வழக்கமான உணவில் பூச்சிக்கு இடமிருப்பதாகவும் கூறியது. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மஞ்சள் மாவுப்புழுவை உணவாக விற்க இசைந்தது. அண்டை நாடான சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 இனங்களுக்கு ஒப்புதல் தந்தது. சட்டம் இசைந்த வேகத்தில் நாக்கு இசையவில்லை. முழு உருவில் தட்டில் கிடக்கும் பூச்சியை மறுப்பவர், அதையே மாவாக்கிப் பிஸ்கட்டில் கலந்தால் உண்ணக்கூடும் என்பதால், நிறுவனங்கள் மாவின் பக்கமே சாய்கின்றன.

இங்கேதான் பெயர் கண்டிப்பாகத் துல்லியமாக இருக்க வேண்டும். இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பூச்சிப் புரதமும் ஒவ்வாமல் போகலாம். இரண்டிலும் ‘ட்ரோபோமயோசின்’ என்னும் ஒத்த புரதம் இருக்கிறது. புரட்டாசியில் சைவம் இருப்பவருக்கும் தாம் வாங்குவது இன்னதென்று தெரிய வேண்டும். கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம் ‘ஈ120’ என்னும் உணவுச் சேர்பொருள் எண்ணுக்குள் ஒளிந்து, இனிப்புகளிலும் பானங்களிலும் ஏற்கெனவே நுழைந்துவிட்டது. ஆகையால் ஆய்வுக் கட்டுரையில் ‘பூச்சியுண்ணல்’ இருக்கட்டும். பொட்டலத்தின் மீது ‘பூச்சிப்புரதம்’ என்று மழுப்பாமல், சுவர்க்கோழியா, மாவுப்புழுவா, வெட்டுக்கிளியா என்று பெயரைச் சொல்லி, அதன் கீழேயே ஒவ்வாமை எச்சரிக்கையையும் அச்சிட வேண்டும்.