சாட்சி ஏன் பல்டி அடிக்கிறார்? ஒரு கிரிமினல் வக்கீலின் குறிப்புகள்

பெரிய இடத்துப் பிள்ளை யாராவது கொலை வழக்கில் விடுதலையானால் அன்று மாலை என் போன் ஓயாது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பழைய கட்சிக்காரர் என்று ஆளாளுக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: "ஜட்ஜுக்கு எவ்வளவு சார் போயிருக்கும்?" 22 வருடமாக செஷன்ஸ் கோர்ட்டில் கிரிமினல் கேஸ் நடத்துகிறேன். நான் பார்த்தவரையில், ஜட்ஜ்வரை போகவேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை. அதற்கு ரொம்ப முன்னாலேயே, எங்கேயோ ஒரு டீக்கடையில், காரியம் முடிந்திருக்கும்.

டீக்கடை என்று சும்மா சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கொலை வழக்கில் இறந்தவரின் குடும்பத்துக்காக, அரசு வழக்கறிஞருக்கு (பி.பி.) உதவியாக ஆஜரானேன். நேரில் கண்ட சாட்சி ஒரு டீ மாஸ்டர். வெட்டு விழுந்ததே அவர் கடை வாசலில்தான். யார் எந்தக் கையில் அரிவாளைப் பிடித்திருந்தார் என்பதுவரை அன்றிரவே போலீசிடம் சொல்லியிருந்தார். கோர்ட்டில் அவர் முறை வந்தது ஆறு வருடம் கழித்து. டவாலி மூன்றாவது தடவை பெயரைக் கூப்பிட்ட பிறகே உள்ளே வந்தார். கூண்டுக் கட்டையைத் தடவிக்கொண்டே நின்றார். "நான் அன்னிக்குக் கடையே திறக்கலீங்க" என்றார். பி.பி. அவரைப் பிறழ் சாட்சியாக (முன்பு சொன்னதை மாற்றிச் சொல்பவராக) அறிவிக்கச் சொல்லி நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் "சரியல்ல" என்ற பதில். பத்து நிமிடத்தில் கேஸ் செத்துப்போனது.

மதியம் கேன்டீனில் அவரே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "வக்கீலய்யா, நீங்க சாயங்காலம் கார் ஏறி ஊருக்குப் போயிடுவீங்க. நான் அந்தத் தெருவுலதான் கடை வச்சிருக்கேன். பொண்ணுக்கு ஆவணியில கல்யாணம்." எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆறு வருடத்தில் அவரை அடிக்கடி போய் நலம் விசாரித்தது எதிரித் தரப்பு மட்டும்தான். (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெயரே 'எதிரி'.)

இந்தக் கதை எல்லா ஊரிலும் நடப்பதுதான். நாடே கொதித்த ஜெசிகா லால் வழக்கையே பாருங்கள். 1999 ஏப்ரல் 29 இரவு, டெல்லி மெஹ்ரோலியில் ஒரு உணவகத்தில் விருந்து. மதுபானம் தீர்ந்துவிட்டது, தர முடியாது என்று சொன்ன ஜெசிகாவைத் தலையில் சுட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மனு சர்மா, முன்னாள் மத்திய அமைச்சர் வினோத் சர்மாவின் மகன். சுட்ட துப்பாக்கி கடைசிவரை கிடைக்கவில்லை. வாசலில் நின்ற அவருடைய காரை இரவோடு இரவாக நண்பர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். புகார் கொடுத்தவர் ஒரு நடிகர். அவர் கோர்ட்டில் வந்து, எஃப்.ஐ.ஆர். இந்தியில் எழுதியிருக்கிறது, எனக்கு இந்தி தெரியாது என்றார். சுட்டது வேறு ஆள் என்கிற மாதிரியும் சொன்னார். அன்று சுடப்பட்ட இரண்டு தோட்டாவும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்பதில் குழப்பம் வந்தது. 2006 பிப்ரவரி 21 அன்று ஒன்பது பேரும் விடுதலை.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். இந்தியா கேட்டில் மெழுகுவர்த்தி, டி.வி. சேனல்களுக்குக் குவிந்த எஸ்.எம்.எஸ்., பத்திரிகைகளில் தலையங்கம். போலீஸ் மேல்முறையீடு செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் மனு சர்மாவைக் குற்றவாளி என்றது, ஆயுள் தண்டனை. 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது புது சாட்சி வந்ததால் அல்ல. உணவகத்தை நடத்திய குடும்பத்தார் ஆரம்பத்திலேயே மனு சர்மாவை அடையாளம் காட்டியிருந்தார்கள், அதிலிருந்து மாறவும் இல்லை. கேஸ் கட்டுக்குள் ஏற்கனவே இருந்த அந்தச் சாட்சியத்தைத்தான் கீழ்க்கோர்ட் ஒதுக்கியது, மேல்கோர்ட் ஏற்றது. அந்தக் குடும்பத்தார் பின்வாங்கியிருந்தால் இந்தியா கேட் முழுக்க மெழுகுவர்த்தி ஏற்றினாலும் ஒன்றும் நடந்திருக்காது.

நம்மூர் உதாரணம் இன்னும் நெருக்கமானது. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியோடு போன கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முதல் எதிரி யுவராஜ் ஒரு சாதி அமைப்பின் தலைவர். தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் ஆடியோ ஆடியோவாக விட்டவர். விசாரணை நாமக்கல்லில் நடந்தால் சரிப்படாது என்று மதுரைக்கு மாற்றப்பட்டது. முக்கிய சாட்சியான அந்தத் தோழி பல்டி அடித்தார். உயர் நீதிமன்றமே மறுபடி கூப்பிட்டு, வீடியோவைப் போட்டுக் காட்டியபோதும், அதில் இருப்பது நான் இல்லை என்றார். ஆனால் கோயில் சி.சி.டி.வி. பல்டி அடிக்கவில்லை. இரண்டு நீதிபதிகளும் கோயிலுக்கே நேரில் போய் கேமரா இருந்த இடங்களைப் பார்த்தார்கள். 2022-ல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்திருந்தது; 2023 ஜூனில் எட்டுப் பேருக்கு அதை உறுதி செய்தார்கள், இரண்டு பேருக்கு ஐந்து வருடமாகக் குறைத்தார்கள்.

அதனால் சொல்கிறேன், முதல் பத்து நாள்தான் கேஸ். பல கடைகளில் கேமராப் பெட்டி பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ பழைய பதிவை அழித்துவிட்டு மேலேயே எழுதிக்கொள்ளும். போலீஸ் எடுக்கும் என்று காத்திருக்காதீர்கள். எந்தெந்த இடத்தில் கேமரா இருக்கிறது, எத்தனை மணிப் பதிவு வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்குங்கள். பின்னால் பதிவு "கிடைக்கவில்லை" என்றால் அந்த ரசீதுதான் பேசும்.

அடுத்தது வாக்குமூலம். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடுவதில்லை. அவர் பிறழும்போது முரண்பாட்டைச் சுட்டிக்காட்ட உதவும், தண்டனைக்கு உதவாது. டீ மாஸ்டர் விஷயத்தில் கையில் இருந்தது அது மட்டும்தான். மாஜிஸ்ட்ரேட் முன்னால் பிரமாணத்தின் பேரில் கொடுப்பது வேறு. நாங்கள் இன்னும் பழக்கத்தில் பழைய சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லி நூற்றி அறுபத்து நாலு என்போம், புதிய பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறை) சட்டத்தில் அது பிரிவு 183. பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில், போலீஸ் அழைத்து வரும் சாட்சியின் வாக்குமூலத்தை மாஜிஸ்ட்ரேட் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று புதுச் சட்டம் சொல்கிறது. அதுவும் தனியாக நின்று தண்டனை வாங்கித் தராது. ஆனால் கையெழுத்துப் போட்டதை மறுக்க ஆளுக்குக் கொஞ்சம் தயக்கம் வரும், பொய்ச்சாட்சி வழக்கு பயமும் சேரும்.

மிரட்டல் வந்தால்? 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. விண்ணப்பம் கொடுத்தால், மிரட்டல் எவ்வளவு தீவிரம் என்று போலீசிடம் அறிக்கை கேட்பார்கள். வீட்டுக்குக் காவல், கோர்ட்டுக்குப் பாதுகாப்போடு அழைத்து வருவது, வீடியோவில் சாட்சி சொல்வது என்று பல வழிகள் உண்டு. ஒரு தடவைக்கு மூன்று மாதம்தான் உத்தரவு, அப்புறம் நீட்டிக்கக் கேட்கவேண்டும். கேஸ் நடப்பது ஆறு வருடம், பாதுகாப்பு மூன்று மாதம்! இருந்தாலும் விண்ணப்பியுங்கள், டீ மாஸ்டருக்கு அப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. ஜாமீனில் வந்தவர் மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். அதில் குடும்பத்தின் பேச்சும் எடுபடும். லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மேல் கார் ஏறிய வழக்கில், அப்போதைய மத்திய இணை அமைச்சரின் மகனுக்குக் கிடைத்த ஜாமீனை 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததற்கு ஒரு காரணம், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் வாதத்தைச் சரியாகக் கேட்காதது. குடும்பம் தன் வக்கீலை வைத்து பி.பி.க்கு உதவலாம், விடுதலையை எதிர்த்துத் தானே மேல்முறையீடும் செய்யலாம். காசில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100.

இப்போது ஒரு கசப்பான விஷயம். யூடியூப் பேட்டி. துக்க வீட்டில் மைக்கை நீட்டுகிறார்கள், அண்ணன் ஒன்று சொல்கிறார், மச்சான் வேறொன்று சொல்கிறார், நேரில் பார்த்த பையன் ஆவேசத்தில் பார்க்காததையும் சேர்த்துச் சொல்கிறான். எதிரித் தரப்பு வக்கீல் அதையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்வார். நானே செய்திருக்கிறேன். மூன்று பேட்டியில் மூன்று விதமாகச் சொன்ன சாட்சியைக் குறுக்கு விசாரணையில் உடைத்து விடுதலை வாங்கியிருக்கிறேன். அந்த எதிரி செய்தாரா இல்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. என் வேலையைச் செய்தேன். சாட்சிகள் கேமரா முன் பேசாமல் இருப்பது அவர்கள் தரப்புக்கே நல்லது.

"என்கவுன்ட்டரில் போடுங்கள்" என்ற குரலும் கோபத்தோடு சேர்ந்தே வரும். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் பெண் கால்நடை மருத்துவர் கொலையில் கைதான நாலு பேர் சுடப்பட்டபோது போலீஸ் மேல் பூத்தூவினார்கள். அந்த என்கவுன்ட்டர் ஜோடிக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பின்னால் சொன்னது. அந்த நாலு பேரும் லாரி வேலை பார்த்தவர்கள். அமைச்சர் மகன் ஒருவர் அப்படிச் சுடப்பட்டதாக என் அனுபவத்தில் கேள்விப்பட்டதில்லை.

டீ மாஸ்டர் சாட்சி சொன்ன அன்று கோர்ட் ஹாலில் பின் பெஞ்சு இரண்டும் நிறைந்திருந்தன. வெள்ளைச் சட்டையில் பதினைந்து பேர், எல்லோரும் எதிரியின் ஆட்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை, கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறந்தவர் பக்கம் அவருடைய அம்மாவும் நானும். தீர்ப்பு நாளில் வாசலில் ஐந்து கேமரா, தெரு முழுக்கக் கூட்டம், நியாயம் கேட்டுக் கோஷம். அந்த அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இவங்கல்லாம் அன்னிக்கு எங்கே இருந்தாங்க, தம்பி?"