ரீஸ்டார்ட் செய்யும் முன் லாக் நிலையை உயர்த்துங்கள்

சர்வரில் ஒரு சேவை தடுமாறியதும் அதை ரீஸ்டார்ட் செய்துவிடுவதே தமிழ்நாடு-கேரள எல்லையோரத்து வாளையார், கஞ்சிக்கோடு, வேலந்தாவளம் பகுதி அலுவலகங்களில் நான் அன்றாடம் காணும் பழக்கம். வேலை நின்றுவிடக் கூடாதே என்ற அவசரம் எனக்கும் புரிகிறது. ஆனால் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறுக்கு, ஓடிக்கொண்டிருக்கும் சேவையின் அந்த நேரத்து நிலைதான் தடயம்; ரீஸ்டார்ட் செய்ததும் தடயம் அழிந்துவிடுகிறது, கோளாறோ இன்னொரு நாள் திரும்பி வருகிறது.

சேவை தன் வேலையைப் பற்றி எழுதிவைக்கும் பதிவுதான் லாக்; எவ்வளவு விரிவாக எழுதுவது என்பதே லாக் நிலை. லினக்ஸ் சர்வர்களில் வழங்கும் சிஸ்லாக் முறையில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு. பெரும்பாலான சேவைகள் 6ஆம் நிலையான இன்ஃபோவோடு நின்றுவிடும். உள்ளே நடப்பதை விரிவாகச் சொல்வது 7ஆம் நிலையான டீபக். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2020இல் வந்த 247ஆம் பதிப்பு முதல், ‘சிஸ்டம்சிடிஎல் சர்வீஸ்-லாக்-லெவல்’ என்ற கட்டளையோடு சேவையின் பெயரையும் வேண்டிய நிலையையும் ரூட் (நிர்வாகி) அனுமதியில் கொடுத்தால், அந்த வசதியை ஏற்கும் சேவைகளில் ஓட்டம் நிற்காமலே நிலை மாறிவிடும். நிலையைக் குறிப்பிடாமல் விட்டால் தற்போதைய நிலையைக் காட்டும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாளையாரில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் பிராட்பேண்டும், மாற்று ஏற்பாடாகத் தமிழ்நாட்டு சிம் போட்ட டாங்கிளும் (மொபைல் இணையக் கருவி) ஒரே சர்வரில் இருந்தன. இ-வே பில் தளம் சில வேளைகளில் மட்டும் திறக்காது. இன்ஃபோ லாக்கில் ஒன்றுமே இல்லை. தளப் பெயர்களுக்கு முகவரி தேடித்தரும் ‘சிஸ்டம்டி-ரிசால்வ்டி’ சேவையை டீபக்குக்கு உயர்த்திவிட்டு, அடுத்த முறை தளம் முரண்டு பிடித்த நிமிடங்களை, லாக்கைக் காட்டும் ‘ஜர்னல்சிடிஎல்’லில் பார்த்தபோது, கேட்கப்படும் பெயர்கள் அனைத்தும் டாங்கிள் இணைப்பின் டிஎன்எஸ் (பெயர்த் தேடல்) சர்வருக்கே போய்ப் பதிலின்றிக் காலாவதியாவது வரிக்கு வரி தெரிந்தது. எல்லாப் பெயர்களையும் டாங்கிள் வழியே தேடச் சொல்லும் பழைய விதி ஒன்று நீக்கப்படாமல் கிடந்திருக்கிறது. எல்லையோரத்தில் அந்த சிம்முக்கு சிக்னல் போகும்போதெல்லாம் தளமும் போயிற்று.

‘சர்வீஸ்-லாக்-லெவல்’ வசதி இல்லாத சேவைகள் பலவற்றுக்குத் தனி வழி உண்டு: நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கு ‘என்எம்சிஎல்ஐ ஜெனரல் லாக்கிங்’, டிஎன்எஸ் சர்வரான பைண்டுக்கு ‘ஆர்என்டிசி டிரேஸ்’, தரவுத்தளமான ரெடிஸுக்கு ‘கான்ஃபிக் செட் லாக்லெவல்’. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அமைப்பை மாற்றி ரீலோட் செய்தாலே போதும்.

உயர்த்துவதைவிட, வேலை முடிந்ததும் மறவாமல் இறக்குவதையே நான் அதிகம் வற்புறுத்துவேன். லாக் செய்திகளைச் சேகரிக்கும் ஜர்னல்டியின் இயல்பான வரம்பு, ஒரு சேவைக்கு 30 விநாடிக்கு 10,000 செய்திகள் என்ற அடிப்படையில் அமைந்தது. அதைத் தாண்டினால் மிச்சம் விடுபட்டுப்போகும், நீங்கள் தேடும் வரியும் அதில் ஒன்றாக இருக்கலாம். வட்டிலும் ஜர்னல் இயல்பாக வட்டின் கொள்ளளவில் 10 சதவீதம் அல்லது 4 ஜிபி, இவற்றில் குறைந்த அளவுக்குமேல் வளராது. நிரம்பியதும் பழைய பதிவுகளை நீக்கிவிடும். டீபக்கை அப்படியே விட்டுவைத்தால் சென்ற வாரத்துப் பிழைப் பதிவுகள், நமக்கு வேண்டியவையும் சேர்த்து, சத்தமின்றிப் போய்விடும்.

டீபக் லாக்கில் அலுவலகத்தார் தேடிய தளப் பெயர்களும், சில சேவைகளில் வாடிக்கையாளர் விவரங்களும்கூடப் பதிவாகும். ஆகவே வெளி நிறுவனத்துக்கு அனுப்பும்போது முழுக் கோப்பையும் கொடுக்காமல், கோளாறு நடந்த நிமிடங்களை மட்டும் நேரம் குறித்துப் பிரித்தெடுத்து, ஒருமுறை வாசித்துப் பார்த்தபின் அனுப்புங்கள்.