விரியன் நஞ்சிலிருந்து பிரஷர் குளிசை வரை

திருகோணமலையில் மாதாந்தக் கிளினிக்கிற்குச் சென்று திரும்பும் பிரஷர் நோயாளரின் மருந்துப் பையில் எனலாபிரில் அல்லது லொசார்ட்டன் குளிசைகளைக் காண்பது வழமை. எனலாபிரிலின் மூலம் பிரேசில் நாட்டு ஜராராக்கா பாம்பின் நஞ்சில் உள்ளது. மூதூர், கந்தளாய் வயல்களில் விவசாயிகள் அஞ்சும் கண்ணாடி விரியனும் அதே விரியன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நமது குருதியில் 10 அமினோ அமிலங்கள் கோத்த அஞ்சியோடென்சின் என்ற தொடரின் நுனியிலிருந்து இரண்டை ஏ.சி.ஈ. என்னும் நொதியம் வெட்டியகற்ற, எஞ்சும் 8 அமினோ அமிலத் துண்டு குருதிக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்துகிறது. ஜராராக்கா நஞ்சிலுள்ள பெப்டைட்டுகள், அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குறுந்தொடர்கள், இந்த நொதியத்தைத் தடுத்தன. ஆயினும் விழுங்கினால் அவை மீன்துண்டைப் போலச் சமிபாடடைந்துவிடும் என்பதால், ஊசியால் ஏற்றுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

ஸ்குயிப் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்களான டேவிட் குஷ்மனும் மிகெல் ஒண்டெட்டியும் குளிசையாகக் கொடுக்கக்கூடிய சிறு மூலக்கூறொன்றைத் தேடியபோது ஏ.சி.ஈ.யின் வடிவம் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் கார்பொக்சிபெப்டிடேஸ் ஏ என்ற கணைய நொதியத்தின் வடிவம் எக்ஸ் கதிர் ஆய்வின் மூலம் 1967 இல் வெளிவந்திருந்தது. இரண்டிலும் வெட்டும் வேலையைச் செய்வது ஒரு துத்தநாக அயனே. கணைய நொதியம் நுனியிலிருந்து ஒரு அமினோ அமிலத்தை வெட்ட, ஏ.சி.ஈ. இரண்டை வெட்டுவதால், நுனியைப் பற்றும் இடத்திலிருந்து துத்தநாகம் ஓர் அமினோ அமில நீளம் தள்ளியிருக்க வேண்டும் என அவர்கள் கணித்தனர். நஞ்சுப் பெப்டைட்டின் நுனியிலிருந்த புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைத்துக்கொண்டு அந்த நீளத்திற்குச் செய்த மூலக்கூறு வலுக் குறைந்ததாகவே இருந்தது. துத்தநாகத்தைத் தொடும் முனையிலிருந்த கார்பொக்சில் கூட்டத்தை அகற்றி, கந்தகமும் ஐதரசனும் சேர்ந்த கூட்டத்தைப் பொருத்தியதும் வலு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு கூடியது. அதுவே 1981 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கப்டோபிரில். சுவை மாறுதல், தோல் தடிப்பு போன்ற தொல்லைகளுக்கு அந்தக் கந்தகமே காரணம் எனக் கருதப்பட்டதால், அது இல்லாத எனலாபிரில் பின்னர் வந்தது.

வறட்டு இருமல் மட்டும் நீங்கவில்லை. ஏ.சி.ஈ. பிரடிகைனின் என்ற வேறொரு பெப்டைட்டையும் வெட்டுகிறது. நொதியத்தைத் தடுத்தால் அது தேங்கி இருமலைத் தூண்டுகிறது. இருமலென்று முறையிடுபவருக்கு வைத்தியர் லொசார்ட்டனை எழுதுவது இதனால்தான்: அது நொதியத்தை விட்டுவிட்டு, அஞ்சியோடென்சின் சென்று ஒட்டும் ஏற்பியை மறிக்கிறது.

ஏ.சி.ஈ.யின் உண்மை வடிவம் 2003 இல்தான் வெளியானது. கணைய நொதியத்தோடு அதற்குப் பெரிதாக ஒற்றுமை இல்லை. துத்தநாகத்தைப் பற்றிய கணிப்பு மாத்திரம் பலித்திருந்தது, மருந்துக்கு அதுவே போதுமாயிற்று. ஏ.சி.ஈ.யில் வெட்டும் பகுதிகள் இரண்டு உள்ளன. அஞ்சியோடென்சினைப் பெரும்பாலும் வெட்டுவது அவற்றுள் ஒன்றே. பிரடிகைனினை இரண்டுமே வெட்டுவதால், அது தேங்காதிருக்க, அஞ்சியோடென்சினை வெட்டும் பகுதியை மட்டும் தடுக்கும் மூலக்கூறுகளை ஆய்வாளர்கள் இப்போது வடிவமைத்து வருகின்றனர்.